அகுதாகவாவின் கதையும் 'ராஷோமோன்' படமும்: ஒரே மதியத்தில் எப்படி ஒப்பிட்டுக் காட்டுவது?

கட்டபெட்டு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்துக்காகக் கேட்கிறேன். நவம்பர் கூட்டத்தில் அகுதாகவாவின் 'யாபு நோ நகா' (1922) சிறுகதையையும் குரோசவாவின் 'ராஷோமோன்' (1950) படத்தையும் சேர்த்து வைத்துப் பேசுவதாக முடிவு. 20, 25 பேர் வருவார்கள். பாதிப்பேர் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள். ஜப்பானியப் படம் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள். கதையின் தமிழ் வடிவம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

கதையை முதலில் படிப்பதா, படத்தை முதலில் போடுவதா? இந்த மாதிரிக் கூட்டம் என்றாலே 'கதையில் இது இருந்தது, படத்தில் விட்டுட்டாங்க' என்ற பட்டியலோடு கலைந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் பேச எதைப் பிடித்துக்கொள்ளலாம்?

அரங்கு தகரக் கூரை. நவம்பர் என்றால் எங்கள் பக்கம் மழை எப்படி இருக்கும் என்று தெரியும். பக்கத்து ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) வருபவர்கள் இருட்டும் முன் வீடு சேர வேண்டும் (காட்டெருமை, கரடி). அதனால் 2 மணிக்குத் தொடங்கி 5க்குள் முடித்தாக வேண்டும். ப்ரொஜெக்டர் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நடுவட்டம் எழுதியது:

முதலில் ஒரு திருத்தம், இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். படத்தின் பெயர் ஒரு கதையிலிருந்து, சம்பவம் இன்னொரு கதையிலிருந்து. 'ராஷோமோன்' என்ற பெயரிலேயே அகுதாகவா 1915இல் ஒரு கதை எழுதியிருக்கிறார். வேலை போன ஒரு பணியாள் மழைக்கு ஒதுங்கி இடிந்த நகரவாசலில் நிற்கிறான். மேலே ஏறினால், அநாதைப் பிணங்களுக்கு நடுவில் ஒரு கிழவி பிணத்தின் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள், சவுரி கட்டி விற்க. 'இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்' என்கிறாள். அதே நியாயத்தைச் சொல்லிவிட்டு அவன் அவள் துணியை உருவிக்கொண்டு ஓடுகிறான். கதை அவ்வளவுதான். படம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வாசலையும் மழையையும் துணி திருட்டையும். மனைவியோடு போன ஒருவன் காட்டில் செத்துக் கிடக்கிறான், எப்படிச் செத்தான் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: இந்தக் கொலை, சாட்சிகள், காடு எல்லாம் 'யாபு நோ நகா'. ஆகவே நீங்கள் ஒப்பிடப்போவது ஒரு கதையும் படமும் அல்ல, இரண்டு கதையும் ஒரு படமும். 1915 கதையை முழுக்கப் படிக்க நேரமிருக்காது. மூன்று நிமிடத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள்.

வரிசைக்கு என் யோசனை இது. 'யாபு நோ நகா'வில் ஏழு வாக்குமூலங்கள்: விறகுவெட்டி, வழிப்போக்கத் துறவி, தஜோமாருவைப் பிடித்த காவலாள், பெண்ணின் தாய், கொள்ளைக்காரன் தஜோமாரு, பெண் மசாகோ, கடைசியாகச் செத்துப்போன கணவன் டகேஹிரோ (சாமியாடி வாய் வழியாக). முதல் ஆறை மட்டும் படியுங்கள். ஏழாவதைப் பூட்டி வையுங்கள். படத்தைப் போடுங்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், யாரும் வாய் திறப்பதற்கு முன், ஏழாவதைப் படியுங்கள்.

காரணம் சொல்கிறேன். செத்தவன் வாக்குமூலத்தின் கடைசி நான்கைந்து வரிதான் முழுப் படத்துக்கும் விதை. குறுவாளை மார்பில் பாய்ச்சிக்கொண்டு கிடக்கிறான். சுற்றிலும் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. வெளிச்சம் மங்குகிறது. அப்போது யாரோ சத்தமில்லாமல் கிட்டே வருகிறார்கள், பார்க்க முடியவில்லை. மார்பிலிருந்து குறுவாள் மெல்ல உருவப்படுகிறது. வாயில் ரத்தம் பொங்குகிறது. கதை முடிந்தது. உருவியது யார் என்று அகுதாகவா சொல்லவேயில்லை. படம் அந்த வெற்றிடத்தில் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது: விறகுவெட்டி. அதுவும் நேராகச் சொல்லாமல், நகரவாசலில் விறகுவெட்டியோடும் துறவியோடும் மழைக்கு ஒதுங்கிய மூன்றாமவன், முத்துப் பதித்த அந்தக் குறுவாள் எங்கே போச்சு, மண்ணா விழுங்கிடுச்சு என்கிற மாதிரி மடக்கும்போது. படம் பார்த்த சூட்டோடு அந்த வரிகளைக் காதால் கேட்டால், எங்கிருந்து எது முளைத்தது என்பது யாரும் விளக்காமலே புரியும். முன்னாடியே படித்துவிட்டால் அது இன்னொரு வரியாகப் போய்விடும்.

இனி, 'விட்டுட்டாங்க' பட்டியல். அதை ஒழிக்க முடியாது. வேறு பக்கம் திருப்பி விடலாம். நான்கு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் நான்கே கேள்வி: கொன்றது யார்? எந்த ஆயுதம்? கணவனைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தது யார்? இதை இவர் யாரிடம் சொல்கிறார்?

முதல் கேள்விக்கே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். ஆளாளுக்கு அடுத்தவர் மேல் பழி போடுவதுதான் 'ராஷோமோன்' சமாச்சாரம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. கதையில் நடப்பது நேர் எதிர். தஜோமாரு 'நான்தான் கொன்றேன்' என்கிறான். மசாகோ 'நான்தான் கொன்றேன்' என்கிறாள். டகேஹிரோ 'நானே குத்திக்கொண்டேன்' என்கிறான். மூன்று பேரும் கொலையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். தண்டனைக்குப் பயந்து சொல்லும் பொய்யாக இருந்தால் இப்படி வராது. தங்களைப் பற்றித் தங்களுக்கே ஒரு சித்திரம் இருக்கிறதே, அதைக் காப்பாற்றச் சொல்வது.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் கதையின் தச்சுவேலை தெரியும். விறகுவெட்டி பார்த்தது மார்பில் ஒரே ஒரு குத்து. தஜோமாருவின் கணக்கில் 23ஆவது வீச்சு மார்பில் இறங்கியது. மசாகோ குறுவாளால் குத்தியதும் மார்பில். டகேஹிரோ குத்திக்கொண்டதும் மார்பில். காயத்தை வைத்து ஒருவரைக்கூடக் கழிக்க முடியாது. மரத்தடியில் கிடந்த கயிறும் அப்படியே: தஜோமாரு சண்டைக்காக அவிழ்த்துவிட்டது என்கிறான், மசாகோ செத்த பிறகு அவிழ்த்தேன் என்கிறாள், டகேஹிரோவோ, தஜோமாரு ஒரு கட்டை அறுத்துவிட்டுப் போக மீதியை நானே அவிழ்த்தேன் என்கிறான். தடயம் மூன்று பேருக்குமே ஒத்துழைக்கிறது! துப்பறியும் கதை படித்துப் பழகிய பிள்ளைகள் இந்த இடத்தில் கட்டாயம் மல்லுக்கட்டுவார்கள். விடுங்கள், மல்லுக்கட்டட்டும்.

ஒரு சின்ன வேடிக்கை. துறவி, டகேஹிரோவின் அம்பறாத்தூணியில் இருபதுக்கு மேல் அம்பு பார்த்தேன் என்கிறார். காவலாள் தஜோமாருவிடம் எடுத்த அம்பு 17. மீதி எங்கே? கதை கண்டுகொள்வதில்லை. இதை யாராவது தானாகக் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள்.

நான்காவது கேள்விதான் படத்துக்குப் பாலம். கதையில் கேட்பவர்கள் வேறு வேறு. ஐந்து பேர் காவல் நடுவர் முன் பேசுகிறார்கள். மசாகோ கியோமிசு கோயிலில் பாவமன்னிப்பு போலச் சொல்கிறாள். டகேஹிரோ சாமியாடி மூலம் பேசுகிறான். நடுவர் கேட்கும் கேள்வி ஒன்றுகூட அச்சில் இல்லை. 'வாளா? இல்லீங்க, ஒண்ணும் கிடக்கல' என்று பதிலிலிருந்துதான் கேள்வியை ஊகிக்க வேண்டும். படம் இதை அப்படியே கண்ணுக்கு மாற்றியது: மணல் முற்றத்தில் சாட்சிகள் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவரைக் காட்டவேயில்லை, குரலும் இல்லை. நடுவர் இடத்தில் நாம். இதை 'படம் கதையை விட்டு விலகிய இடம்' என்று எழுதிவிடாதீர்கள். கதையோடு மிக ஒட்டிப்போன இடம் இதுதான்.

அதே முற்றத்தில் பின்னால் பாருங்கள். மற்றவர்கள் பேசும்போது விறகுவெட்டியும் துறவியும் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். அதாவது நாம் பார்க்கும் வாக்குமூலங்கள் எல்லாம் இந்த இருவரும் கேட்டுவிட்டு வந்து, மழையில் ஒதுங்கிய மூன்றாமவனுக்குச் சொன்னது. செய்தி இரண்டு கை மாறிவிட்டது. கதையில் இந்த அடுக்கு இல்லை.

படம் சேர்த்தவற்றில் பெரியது நான்காவது பதிப்பு: விறகுவெட்டி ஒளிந்திருந்து பார்த்ததாகச் சொல்வது. தஜோமாரு பீற்றிக்கொண்ட அந்த 23 வீச்சுச் சண்டை முதலில் கம்பீரமாக வரும். விறகுவெட்டி சொல்லும்போது அதே இருவரும் கை நடுங்கி, தடுக்கி விழுந்து, புழுதியில் தவழ்ந்து, மூச்சிரைத்து அடித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து மறுபடி போட்டுக் காட்டுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் போதும். ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல துண்டு படத்தில் இல்லை.

தாயின் வாக்குமூலம் படத்தில் கிடையாது. வயதும் (அவனுக்கு 26, அவளுக்கு 19) இடது கண்ணோரத்து மச்சமும் அவள் வாயால்தான் வருகின்றன. மகள் என்ன ஆனாள் என்று கதறும் ஒரே ஆளும் அவள்தான். அவளை எடுத்ததும் மசாகோவுக்காகக் கவலைப்பட ஆளில்லாமல் போகிறது. இது படத்துக்கு இழப்பு என்பது என் கட்சி.


ஒளிக்கற்றை எழுதியது:

கதைப் பக்கம் அவர் பார்த்துக்கொண்டார். நான் கருவிப் பக்கம்.

நேரக் கணக்கு: படம் 88 நிமிடம். ஆறு வாக்குமூலமும் நிதானமாகப் படிக்க 20 முதல் 25. தாளுக்கு 15. டீ 10. ஏழாவது வாக்குமூலம் 5. கூட்டினால் 143. 2 மணிக்குத் தொடங்கினால் பேசுவதற்கு அரை மணிக்குச் சற்று மேல் மிஞ்சும். ப்ரொஜெக்டர் சரிசெய்வதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது 1 மணிக்கே முடிந்திருக்க வேண்டும்.

மலையில் முதல் எதிரி லென்ஸில் படியும் ஈரம். குளிரில் வந்த ப்ரொஜெக்டரை ஆள் நிறைந்த அரங்குக்குள் கொண்டுபோனதும் பையிலிருந்து எடுத்தால் கண்ணாடி வேர்த்துவிடும். துடைத்தால் மறுபடி படியும், கீறலும் விழும். பையை மூடியபடியே அரங்குக்குள் 45 நிமிடம் வைத்திருங்கள். பிறகு எடுத்து, வெறும் வெள்ளைத் திரையில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் நடுவில் மங்கலான வட்டம் தெரியும். அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, மஞ்சு. கதவைத் திறந்து வைத்தால் பனிமூட்டம் உள்ளே வந்துவிடும். ஒளிக்கற்றை தூண் மாதிரித் தெரியும், பார்க்க அழகு. திரையில் கறுப்பு சாம்பலாகிவிடும். இந்தப் படம் கறுப்பில்தான் உயிர்வாழ்கிறது. கதவுக்கு ஒரு ஆளைப் போடுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இல்லாவிட்டால் தார்ப்பாய். சுத்தமாக இருட்டடித்தால் 3000 லூமென்ஸ் தாராளம்.

படத்தின் சட்டம் 1.37க்கு 1, கிட்டத்தட்டச் சதுரம். 8 அடி அகலத் திரை (96 அங்குலத்துக்கு 54) என்றால் படம் 74 அங்குல அகலம்தான் வரும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். 'திரை முழுக்க வரலையே' என்று யாராவது ரிமோட்டை எடுத்து இழுத்துவிடுவார்கள். தஜோமாருவாக நடிக்கும் மிஃபுனே முகம் பூசணிக்காய் ஆகிவிடும். ரிமோட்டை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். வண்ண அமைப்பைச் 'சினிமா' என்று வைத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

தமிழ் வசனவரி (சப்டைட்டில்) நீங்களே போடுவதாக இருந்தால் மூன்று இடத்தில் கவிழும். ஒன்று, கோப்பை யுடிஎஃப்-8ஆகச் சேமிக்காவிட்டால் எல்லாம் கேள்விக்குறி. இரண்டு, பென் டிரைவை நேராக ப்ரொஜெக்டரில் செருகினால் பெரும்பாலும் தமிழுக்குக் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். மடிக்கணினியில் விஎல்சியில் ஓட்டி, வசனவரி எழுத்துருவை நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றிப் பாருங்கள். மூன்றாவதுதான் பலர் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளும் இடம்: ஐரோப்பிய டிவிடிப் பிரதி வினாடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்) என்று வேகமாக ஓடும், 88 நிமிடப் படம் ஏறத்தாழ 84½ நிமிடத்தில் முடிந்துவிடும். 24 சட்டப் பிரதிக்குச் செய்த வசனவரியை அதில் போட்டால் முதல் நிமிடம் சரியாக இருக்கும், நடுவில் இரண்டு நிமிடம் பிந்தும், கடைசியில் மூன்றரை நிமிடம் பிந்தும். நேரத்தைத் தள்ளி வைத்துப் பயனில்லை, சட்ட விகிதத்தைத்தான் மாற்ற வேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஒரே சொடுக்கு.

ஒரு வரிக்கு நான்கைந்து சொல், திரைக்கு இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலத்துக்கு வைத்த நேரத்துக்குள் படித்து முடிக்க மாட்டார்கள்.

தகரக் கூரை: மழை வலுத்தால் எந்த ஒலிபெருக்கியும் ஜெயிக்காது. ஒலிபெருக்கியைத் திரைக்கு இரண்டு பக்கமும் காது உயரத்தில் வைத்து, தாழ் ஒலியைக் குறையுங்கள். கூரை அதிர்வோடு கலந்து இரைச்சலாவது அதுதான். வசனவரி இருப்பதால் கதை தப்பிவிடும். தவிர, படம் தொடங்குவதே அடைமழையில். கூரையே பின்னணி இசை போட்டால் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கரண்ட் போய்ப் போய் வரும் என்றால் யூபிஎஸ் கட்டாயம். விளக்கு வகை ப்ரொஜெக்டர் திடுக்கென்று அணைந்தால் விசிறி நின்று பல்பு சூட்டிலேயே வெந்துவிடும். மறுபடி போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.


தேயிலைத்தூள் எழுதியது:

நடுவட்டம் அண்ணாவின் ஏழாவது வாக்குமூல யோசனை நல்லாயிருக்கு. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கூட்டம் படத்துக்குப் பாராட்டு விழா ஆகிவிடும்.

குழந்தை. கடைசிப் பத்து நிமிடத்தில் நகரவாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு சிசு அழுகிறது. மூன்றாமவன் அதன் துணியை உருவிக்கொண்டு போகிறான் (1915 கதையின் பணியாள் இங்கே எட்டிப் பார்க்கிறான்). விறகுவெட்டி, வீட்டில் ஏற்கெனவே ஆறு பிள்ளை, ஏழாவதும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்கிக்கொள்கிறான். மழை விடுகிறது. துறவிக்கு மனிதர் மேல் நம்பிக்கை திரும்புகிறது. இரண்டு கதையிலும் இதற்கு ஒரு துளி ஆதாரம் கிடையாது. அகுதாகவா திறந்து விட்ட கதவைக் குரோசவா இழுத்துச் சாத்தி, கோலமும் போட்டுவிட்டார்.

குறுவாளும் அப்படித்தான். யாரோ உருவினார்கள் என்ற வரியில் இருக்கும் நடுக்கம், 'விறகுவெட்டிதான் திருடினான்' என்றதும் அடங்கிப்போகிறது. ஒரு திருட்டுக் கேஸாகச் சுருங்கிவிட்டது.

மசாகோ விஷயத்திலும் படம் கை நடுங்கியிருக்கிறது. கதையில் அவள் கணவன் கண்ணில் இருக்கும் வெறுப்பைத் தாங்காமல், 'என்னோடு செத்துவிடுங்கள்' என்று கேட்கிறாள். வாயில் மூங்கில் சருகு திணித்திருப்பதால் அவனால் பேச முடியாது. 'கொல்' என்று சொன்னதாக அவளே எடுத்துக்கொண்டு குத்துகிறாள். கிட்டத்தட்டக் கனவு நிலையில் என்றாலும், இல்லாத சம்மதத்தைப் படித்துக்கொண்டு தன் கையால் செய்த கொலை. படத்தில் குறுவாளோடு கிட்டே போகிறவள் மயங்கிவிடுகிறாள், கண் விழித்தால் குறுவாள் மார்பில் நிற்கிறது. எது கனமானது என்று கூட்டத்தில் கேளுங்கள்.


நடுவட்டம் எழுதியது:

மசாகோ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, அந்த மூங்கில் சருகை நான் விட்டுவிட்டேன். தாளில் ஐந்தாவது கேள்வியாகவே சேர்க்கலாம்.

குழந்தை பற்றி உடன்பாடில்லை. விறகுவெட்டி திருடன் என்று தெரிந்த பிறகுதான் துறவி குழந்தையை அவன் கையில் கொடுக்கிறார். பொய் சொன்னவன் என்று தெரிந்தே நம்புவது. அதைக் கோலம் என்று தள்ளிவிட முடியாது. இன்னொன்று, அகுதாகவாவே முடிவை மாற்றியவர்தான். 1915 பதிப்பில் அந்தப் பணியாள் மழையைப் பொருட்படுத்தாமல் கொள்ளையடிக்க நகரத்துக்கு விரைவதாக முடித்தார். 1918இல் அதை அடித்துவிட்டு, அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது என்று வைத்தார். சாத்தின கதவைத் திறக்கவும் தெரிந்தவர். இதையும் கூட்டத்தில் சொல்லிவிட்டு, படத்துக்கு வேறு முடிவு எழுதிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் விடலாம்.

எதற்காகச் சேர்த்தார்கள் என்பதற்குச் சாதாரணக் காரணமும் உண்டு. ஹஷிமோட்டோ ஷினோபு முதலில் எழுதிய திரைக்கதை 'யாபு நோ நகா'வை மட்டும் வைத்தது. முழுநீளப் படத்துக்குப் போதவில்லை. நகரவாசலும் மூன்று பேரும் நீளத்துக்காகவும் வந்தவர்கள். நீளத்துக்காக ஒட்டியது படத்துக்கே பெயராகிவிட்டது.

படம் நுணுக்கமாகச் சேர்த்த ஒன்றையும் காட்டுங்கள். காவலாள், தஜோமாரு குதிரையிலிருந்து விழுந்து கிடந்தான் என்கிறான். படத்தில் தஜோமாரு பொங்கி எழுவான்: நானாவது, குதிரையிலிருந்து விழுவதாவது! கெட்ட தண்ணீரைக் குடித்து வயிற்றுவலி! தலை போகிற வழக்கில் நிற்பவனுக்குக் குதிரையேற்றத்தின் மானம் பெரிதாக இருக்கிறது. கதையில் அந்த மறுப்பு இல்லை. இந்த ஒரு காட்சியைப் பார்த்துவிட்டால் மற்ற எல்லா வாக்குமூலத்தையும் எப்படிக் கேட்பது என்று தெரிந்துவிடும்.


சோலைப்பாதை எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை, காட்டைப் பற்றி.

கதையின் இடமும் படத்தின் இடமும் ஒன்றல்ல. 'யாபு' என்றால் மூங்கில் அடர்ந்த புதர்க்காடு. உள்ளே போனால் கொஞ்சம் தள்ளிச் சில மரங்கள். படத்தில் அது பெருமரக் காடு. நம்மூர்க் கணக்கில், கதை நடப்பது முதுமலைப் பக்கத்து மூங்கில் புதரில், படம் நடப்பது சோலையில். மூங்கில் புதருக்குள் பத்தடியில் நிற்பவனைக்கூட முழுதாகப் பார்க்க முடியாது. கதையில் எல்லாமே அரைகுறையாகத் தெரிவதற்கு அந்த இடமே ஒத்தாசை. பெருமரக் காட்டிலோ நீளமாகப் பார்க்கலாம், ஆனால் முகத்தில் இலை நிழல் ஆடிக்கொண்டே இருக்கும். ஒளிப்பதிவாளர் மியாகவா கசுவோ கேமராவைச் சூரியனுக்கு நேராகத் திருப்பியதும், கண்ணாடியால் வெயிலைத் திருப்பி முகத்தில் அடித்ததும் இதற்காகத்தான். விறகுவெட்டி கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே நடக்கும் அந்த வசனமில்லாத நடையைக் கவனிக்கச் சொல்லுங்கள். கதையில் அது, வழக்கம்போல மரம் வெட்டப் போனேன் என்ற ஒரே வரி.

நாரா பக்கத்துக் காட்டில் படமெடுத்தபோது அட்டைத் தொல்லை. கழுத்து, கை, காலுறை எல்லாம் உப்பைத் தேய்த்துக்கொண்டுதான் போனார்கள் என்று குரோசவா தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் ஜப்பான் பக்கத்து ஊர் ஆகிவிடும்.

நகரவாசல் மழை: சாம்பல் வானத்துக்கு முன்னால் வெறும் தண்ணீர் கேமராவில் தெரியாது என்பதால் கறுப்பு மை கலந்து பீய்ச்சினார்கள். கூரை பாதி இடிந்திருப்பதிலும் கொஞ்சம் கணக்கு உண்டு. முழுக் கூரையும் போட்டால் அந்தத் தூண்கள் தாங்காது.


கட்டபெட்டு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஏழாவதைக் கடைசியில் படிப்பது உறுதி. தாளில் ஐந்து கேள்வி.

மொழிபெயர்ப்பில் ஒரு முட்டு. அந்தக் கடைசி இடத்தில், 'யாரோ வந்து உருவினான்' என்று போட்டால் ஆணாகிவிடுகிறது. 'உருவினாள்' என்றால் மசாகோ திரும்பி வந்துவிட்டாள் என்று ஆகிவிடும். 'உருவினார்' என்றால் ஏதோ பெரியவர் வந்து மரியாதையாக எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

இன்னொன்று, 'அந்த நாள்' (1954) பற்றியும் யாராவது கேட்பார்கள். சேர்த்துக்கொள்வதா?


மூங்கிலரிசி எழுதியது:

'அந்த நாள்' வேண்டாம், வேறொரு மாதத்துக்கு வையுங்கள். எஸ். பாலச்சந்தரின் படம் எடுத்துக்கொண்டது பல கோணத்தில் ஒரே கொலையைச் சொல்லும் உத்தியை. பாட்டே இல்லாமல் 1954இல் அதைச் செய்தது பெரிய துணிச்சல். ஆனால் அங்கே கடைசியில் கொன்றது யார் என்று தெரிந்துவிடும். அகுதாகவா கதைக்குப் பக்கத்தில் அதை வைத்தால் பேச்சு 'யார் கொன்றது' என்று துப்பறியும் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு நிமிடம் குறிப்பிட்டால் போதும்.

மொழிபெயர்ப்பு விஷயம். ஆண்பால் பெண்பால் சிக்கலிலிருந்து தப்ப மூலத்திலேயே வழி இருக்கிறது. அங்கே ஒரு 'கண்ணுக்குத் தெரியாத கை' வருகிறது. ஆளை எழுவாய் ஆக்காதீர்கள், கையை ஆக்குங்கள். 'யாருடைய காலடியோ சத்தமில்லாமல் என் அருகே வந்தது. யாரென்று திரும்பிப் பார்க்க முயன்றேன். சுற்றிலும் இருட்டிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை என் மார்பிலிருந்த குறுவாளை மெல்ல உருவியது.' கை அஃறிணை. வினை 'உருவியது' என்று நின்றுவிடும். 'யாரோ' என்ற சொல்லைக் காலடியோடு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'யாருடைய காலடியோ'. 'உருவப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் போடலாம்தான், ஆனால் அது காவல் நிலைய மகஜர் மாதிரி ஒலிக்கும். உயிர் போகிறவன் அப்படிப் பேசமாட்டான்.

இதே சிக்கல் வசனவரியிலும் வரும். அங்கே இன்னும் கவனம், ஏனென்றால் திரையில் சாமியாடிப் பெண். வாயிலிருந்து வருவது ஆண் குரல். 'நான்' என்றே எழுதி, வினையைத் தன்மையில் வைத்துவிட்டால் குழப்பமில்லை.

மற்ற வாக்குமூலங்களுக்குத் தமிழ் நமக்குச் சாதகம். விறகுவெட்டிக்கு 'ஆமாங்க ஐயா, நான்தானுங்க பார்த்தேன்'. துறவிக்கு ஏற்ற இறக்கமில்லாத எழுத்துத் தமிழ். தாய்க்கு 'சாமி, எம்மவ என்ன ஆனான்னாவது கண்டுபிடிச்சுக் கொடுங்க'. தஜோமாரு மட்டும் நடுவருக்கு ஒரு 'ஐயா'கூடப் போடக்கூடாது. அவன் அங்கே ஒரு கேள்வி கேட்கிறான்: நான் வாளால் கொல்கிறேன், நீங்கள் அதிகாரத்தால், பணத்தால், சில சமயம் இதமான பேச்சாலேயே கொல்கிறீர்கள், ரத்தம் வருவதில்லை, ஆள் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறான், இருந்தாலும் கொலை கொலைதானே? இதைச் சொல்லும்போது அவன் கை கட்டியிருக்கிறது, குரல் கட்டவில்லை. படிப்பதற்கு ஏழு பேரை வையுங்கள். ஒரே ஆள் ஏழையும் படித்தால் நான்காவதிலேயே எல்லாம் ஒரே குரலாகிவிடும். கணவன் பகுதியைப் படிக்க ஒரு பெண்ணை வையுங்கள், படம் முடியும்வரை அவர் கூட்டத்தில் ஒருவராகவே உட்கார்ந்திருக்கட்டும். விளக்கைப் போட்ட பிறகு, இருந்த இடத்திலிருந்தே எழாமல் படிக்கச் சொல்லுங்கள்.


கட்டபெட்டு எழுதியது:

'யாருடைய காலடியோ', 'கை உருவியது' இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பிரதி 24 சட்டம்தானா என்று சோதித்தாகிவிட்டது, 88 நிமிடம் காட்டுகிறது. ரிமோட் என் பாக்கெட்டில்.